வேலைக்குப் பெரிய மடக்குக் கத்தி வாங்குறீங்களா? அலகு அப்புறம், லாக்கை முதல்ல பாருங்க

சாணை பிடிக்கிறதும் கத்தி பழுது பாக்குறதும்தான் என் தொழில். பட்டறைக்கு வர்ற கத்திங்கள்ல சமையல் கத்திக்கு அடுத்தபடியா நிறைய வர்றது மடக்குக் கத்தி, அதுலயும் குறைஞ்ச விலைல வாங்கின பெரிய மடக்குக் கத்தி, அலகு மட்டுமே பத்து சென்டிமீட்டர் அதுக்கும் மேல இருக்கும். குடோன்ல வேலை பாக்குறவங்க, தோட்ட வேலைக்காரங்க, கட்டட வேலை, லாரி ஓட்டுறவங்கன்னு எல்லாரும் கொண்டு வருவாங்க. "கொஞ்சம் கூர் போட்டுக் குடுங்க"ன்னுதான் கேப்பாங்க, ஆனா கையில வாங்கி விரிச்சதுமே தெரிஞ்சுடும், பிரச்சினை கூர் இல்ல. அலகு மேலயும் கீழயும் ஆடும், முதுகுப் பக்கம் விரலால அழுத்தினாலே, விரிச்ச அலகு மடங்காம பிடிக்கிற லாக் நழுவி மடங்கும். இந்த மாதிரி கத்திய நான் அப்படியே தீட்டிக் குடுக்குறதில்ல, ஏன்னா மொக்கைக் கத்தி விரல் மேல மடங்கினா தோல் கிழியும், நல்லா தீட்டின கத்தி மடங்கினா விரலை மடக்குற தசைநாரே அறுந்துடும்.

பெரிய கத்தின்னா பலமான கத்தின்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அதுதான் ஆபத்து. மடக்குக் கத்தில பலவீனமான இடம் அலகும் கைப்பிடியும் சேர்ற இடம், அங்க அலகு சுத்துற ஒரு பிவட் ஆணி, அலகு அதுக்கு மேல விரியாம தடுக்குற ஒரு நிறுத்தக் கம்பி, ஒரு லாக், அவ்வளவுதான் மொத்தக் கத்தியையும் நேரா நிறுத்தி வச்சிருக்கு. லாக் போய் முட்டுற இடம் பிவட்டுல இருந்து ஒரு சென்டிமீட்டர் கூட இருக்காது, சரி ஒரு சென்டிமீட்டர்னே வச்சுக்குவோம். அலகு முனை பத்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கு. முனைல முதுகுப் பக்கமா 10 கிலோ பாரம் விழுந்தா லாக் மேல 100 கிலோ விழும். இப்ப அதே மூட்டு அமைப்பை வச்சுக்கிட்டு அலகை மட்டும் 12, 13 சென்டிமீட்டர்னு நீட்டினா என்ன ஆகும்? விலை குறைவான பெரிய கத்திங்க நிறைய அப்படித்தான் செய்யப்படுது, சின்னக் கத்தியோட மூட்டு, பெரிய கத்தியோட அலகு.

ஒழுங்கா வெட்டும்போது லாக்குக்கு வேலையே இல்லன்னு நிறைய பேருக்குத் தெரியாது. கயிறோ அட்டைப்பெட்டியோ வெட்டும்போது அழுத்தம் அலகை இன்னும் விரிக்கிற பக்கம்தான் போகுது, பெரும்பாலான கத்தில அதைத் தாங்குறது நிறுத்தக் கம்பி. லாக் வேலை செய்ற நேரம் எல்லாமே ஏதோ தப்பா போற நேரம். தடிமனான ரப்பர்ல அலகு சிக்கிக்கிச்சு, மேல நோக்கி ஆட்டி ஆட்டி இழுக்குறோம். இல்லன்னா முனையால குத்தி ஓட்டை போடப் பாக்குறோம், முனை நின்னுடுது, கை நிக்கல. இல்ல தார்ப்பாய் வெட்டும்போது முதுகு எங்கயோ கம்பில இடிக்குது. அதனாலதான் மோசமான லாக் உள்ள கத்தியக் கூட மாசக்கணக்குல எந்தப் பிரச்சினையும் இல்லாம ஓட்டிருவாங்க, "நல்லாத்தானே இருக்கு"ன்னு நம்பிக்கையும் வந்துடும், அப்புறம் ஒரே ஒரு தடவை அலகு சிக்கும்.

சரி, எந்த லாக்? லாக்கே இல்லாம ஸ்ப்ரிங் மட்டும் இழுத்துப் பிடிக்கிற பேனாக்கத்தி வகை இருக்கு, அது பழம் வெட்ட, பார்சல் பிரிக்க சரி, முரட்டு வேலைக்கு வேண்டாம். குறைஞ்ச விலைல ரொம்ப அதிகமா கிடைக்கிறது லைனர் லாக், கைப்பிடிக்குள்ள இருக்குற மெல்லிசான தகடு வளைஞ்சு வந்து அலகோட அடிப்பக்கத்துக்குப் பின்னால நிக்கும். நல்லா செஞ்சா நல்ல லாக்தான், ஆனா தகடு மெல்லிசா இருந்தா, அது முட்டுற கோணம் கொஞ்சம் தப்பினா, வழுக்கிடும். புதுக் கத்தில அந்தத் தகடு அலகோட அடிப்பக்க அகலத்துல கால் பங்குல இருந்து பாதிக்குள்ள வந்து நிக்கணும். ஓரத்துல தொட்டும் தொடாம நின்னா வாங்காதீங்க. புதுசுலயே எதிர்ப்பக்கத் தகடு வரைக்கும் போய் ஒட்டி நின்னாலும் வாங்காதீங்க, ஏன்னா தேயத் தேய அது இன்னும் உள்ளதான் போகணும், போக இடமே இல்லன்னா அலகு ஆட ஆரம்பிச்சுடும். இன்னொண்ணு, கெட்டியாப் பிடிச்சு முறுக்கும்போது நம்ம விரல் சதையே அந்தத் தகடைத் தள்ளி லாக்கைத் திறந்துடும், சில கைப்பிடிங்கள்ல அந்த இடத்துல அவ்வளவு பெரிய பள்ளம் வெட்டியிருப்பாங்க. பெரிய கை உள்ளவங்க இதைக் கண்டிப்பா பாக்கணும்.

ஃப்ரேம் லாக்கும் அதே தத்துவம்தான், தனித் தகடுக்குப் பதிலா கைப்பிடியோட ஒரு பக்கமே வளைஞ்சு வந்து நிக்கும், தடிமன் அதிகம், நாம கெட்டியாப் பிடிக்கப் பிடிக்க லாக்கும் உள்ள அழுந்தும். பேக் லாக்னு முதுகுப் பக்கம் ஒரு கட்டை ஸ்ப்ரிங்கோட வந்து விழுற பழைய வகை இருக்கு, எனக்கு முரட்டு வேலைக்கு இதுதான் பிடிக்கும், மேலயும் கீழயும் லேசா ஆட்டம் இருக்கலாம், ஆனா கைப்பிடில விரல் பட்டுத் தானா திறக்குற வாய்ப்பு குறைவு. கோல்டு ஸ்டீல் கம்பெனிக்காரங்க இதையே கொஞ்சம் மாத்தி, லாக் கட்டைக்கும் அலகுக்கும் நடுவுல ஒரு நிறுத்தக் கம்பிய வச்சு ட்ரை-ஆட்னு விடுறாங்க, பாரம் பிவட் மேல விழாம அந்தக் கம்பி மேல விழுது. அலகுக்குப் பின்னால குறுக்க ஒரு கம்பி வந்து நிக்கிற குறுக்குக் கம்பி லாக்குகளும் இப்ப குறைஞ்ச விலைலயே வருது, அதுல ரெண்டு பக்கமும் முடி மாதிரி மெல்லிசான ஸ்ப்ரிங் இருக்கும், மண்ணும் தூசியும் உள்ள வேலைல அதைச் சுத்தமா வச்சுக்க முடியுமான்னு யோசிச்சுக்கோங்க.

இதெல்லாம் வேண்டாம், கம்மி விலைல பெருசா, நம்பகமா ஒண்ணு சொல்லுங்கன்னா, பிரான்சுல 1890ல ஆரம்பிச்ச ஓப்பினெல் கத்தியச் சொல்லுவேன். மரக் கைப்பிடி, ஒரு அலகு, ஒரு ஆணி, 1955ல இருந்து கழுத்துல ஒரு சுத்துற வளையம், அந்த வளையம்தான் லாக். 10ஆம் நம்பர்ல அலகு 10 சென்டிமீட்டர், 12ல 12 சென்டிமீட்டர். வளையத்தைத் திருப்பி இறுக்கிட்டா விரல் பட்டு அது தானா திறக்காது. குறை இருக்கு, ஒரு கையால திறக்க முடியாது, தண்ணி பட்டா மரம் ஊதி அலகை வெளிய எடுக்கவே நகம் போயிடும், வளையத்தைத் திருப்ப மறந்தா லாக்கே இல்ல. வெட்டுறதுல ஆனா அந்த மெல்லிசான அலகுகிட்ட நாலு மில்லிமீட்டர் தடிமன் உள்ள கறுப்புப் பெயின்ட் அடிச்ச கத்தி எதுவும் நிக்காது.

தடிமன்னு சொன்னதும் ஞாபகம் வருது. அலகு தடிமனா இருந்தா பலம்னு வாங்குறாங்க, அது வெட்டாது, ஆப்பு மாதிரி உள்ள இறங்கிச் சிக்கிக்கும், சிக்கினா இழுப்பாங்க, மறுபடியும் லாக் கதைதான். முதுகுல மூணு மில்லிமீட்டர் போதும், கூருக்குப் பின்னால அது எவ்வளவு மெல்லிசா இறங்குதுன்னு பாருங்க, அதுதான் வெட்டுற சுகம்.

எஃகு விஷயத்துல ஜனங்க செலவழிக்கிற கவலைல பாதிய லாக் மேல காட்டினா போதும், இருந்தாலும் சொல்றேன். அலகுல வெறும் ஸ்டெயின்லெஸ்னோ சர்ஜிக்கல் ஸ்டீல்னோ போட்டிருந்தா அது ஒண்ணுமே சொல்லலன்னு அர்த்தம். 440ன்னு போட்டு பின்னால ஏ, பி, சி எழுத்து எதுவும் இல்லன்னாலும் சந்தேகப்படுங்க, ஏ வகைக்கும் சி வகைக்கும் கார்பன் அளவுல நல்ல வித்தியாசம் உண்டு. சீன எஃகுகளோட பேர்லயே விவரம் இருக்கும், 3சிஆர்13ன்னா கார்பன் சுமார் 0.3 சதவீதம், குரோமியம் 13 சதவீதம், 8சிஆர்13எம்ஓவின்னா கார்பன் சுமார் 0.8. முதல் எண் மூணா இருந்தா கூர் சீக்கிரம் போயிடும், எட்டுன்னா அன்றாட வேலைக்குத் தாராளமா போதும், சாதாரணக் கல்லுலயே தீட்டிக்கலாம். டி2ன்னு ஒண்ணு இப்ப குறைஞ்ச விலைல நிறைய வருது, கார்பன் சுமார் 1.5, குரோமியம் சுமார் 12, கூர் ரொம்ப நாள் நிக்கும், ஆனா தீட்டுறது கஷ்டம், பக்கவாட்டுல முறுக்கினா விளிம்பு பொடிப்பொடியா உதிரும், வேர்வை பட்டா துருவும் பிடிக்கும். என்னைக் கேட்டா ஸ்வீடன்காரங்களோட 14சி28என் கிடைச்சா அதை எடுங்க, துருவும் லேசுல பிடிக்காது, தீட்டவும் சுலபம். கடைசில எஃகு பேரை விட அதை எப்படிச் சூடேத்தி பதம் போட்டாங்கங்கறதுதான் முக்கியம், அதுக்கு வெளிய இருந்து பாக்க வழி இல்ல, அதனாலதான் பேர் தெரிஞ்ச கம்பெனியோட மலிவான மாடல் வாங்குங்க, பெரிய பிராண்டோட விலை உயர்ந்த மாடலைப் பாத்து அடிச்ச டூப்ளிகேட் வேண்டாம்னு சொல்றேன். அப்புறம் அந்த அலை அலையா டமாஸ்கஸ் டிசைன், ரொம்ப மலிவான கத்தில அது பெரும்பாலும் மேலாப்ல வரைஞ்சதுதான், நான் நாலு தடவை கல்லுல தேய்ச்சா போயிடும்.

கைப்பிடில ரெண்டே விஷயம். முன்னால விரல் அலகு மேல வழுக்கிப் போகாம இருக்க ஒரு மேடு இருக்கணும், அலகைத் தட்டி விரிக்க வச்சிருக்குற, விரிச்சதும் அந்த மேடாவே நிக்கிற ஃபிளிப்பர் காதும் நல்லதுதான். ஈரக்கையோட பிடிச்சாலும் வழுக்காத பொருளா இருக்கணும், கண்ணாடி நார்த் துணியும் பிசினும் சேர்த்து அழுத்தின ஜி10, இல்ல கண்ணாடி நார் சேர்த்த நைலான் ரெண்டுமே சரி, பளபளன்னு இருக்குற வெறும் ஸ்டீல் கைப்பிடி எண்ணெய்க் கையில சோப்பு மாதிரி. பின்பக்கம் கார் கண்ணாடி உடைக்கிற கூம்பு வச்ச மாடல் வேற வருது, கண்ணாடி உடையுதோ இல்லையோ, உள்ளங்கைய நல்லா உடைக்கும்.

வாங்குற இடத்துல கத்திய மூடின நிலைல பிவட் பக்கம் கீழ இருக்குற மாதிரி பிடிச்சு உதறிப் பாருங்க. அலகு தானா வெளிய வந்தா அதைப் பாக்கெட்ல போடவே கூடாது. அப்புறம் விரிச்சு லாக் ஆனதும், அலகு மடங்கி வர்ற பாதைல ஒரு விரல் கூட இல்லாத மாதிரி கைப்பிடிய ரெண்டு பக்கத்துலயும் கிள்ளிப் பிடிச்சுக்கிட்டு, அலகோட முதுகை ஒரு மரக்கட்டை ஓரத்துல வச்சு மெதுவா அழுத்திக்கிட்டே போங்க. நழுவுதா, ஏதாவது நகருதான்னு பாருங்க. வீடியோல காட்டுற மாதிரி மேசைல ஓங்கி ஓங்கி அடிக்காதீங்க, நல்ல லாக்கோட முகமும், அதாவது அலகுல போய் முட்டுற பக்கமும், அதுல நசுங்கிடும், அடிச்சு அடிச்சு "டெஸ்ட்" பண்ணியே கெட்டுப்போன கத்திங்க என்கிட்ட வந்திருக்கு. பிவட் ஸ்க்ரூவை வழக்கமான நட்சத்திர வடிவ டார்க்ஸ் பிட்டால கழட்ட முடியுதா பாருங்க, ரிவெட் அடிச்சு மூடினதுன்னா ஆட்டம் வந்தப்புறம் இறுக்கவே முடியாது.

ரொம்ப முரட்டு வேலைக்குன்னு கேக்குறவங்கள்ல பாதிப் பேருக்குத் தேவை மடக்குக் கத்தியே இல்ல. பெயின்ட் டப்பா மூடிய நெம்ப, ஆணி பிடுங்க, கட்டைய வச்சு முதுகுல சுத்தியலால அடிச்சுப் பிளக்க, இதுக்கெல்லாம் மடக்குக் கத்தி கிடையாது. முனை உடைஞ்சு வர்ற கத்தி எல்லாமே நெம்பினதுதான், கேட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க, உடைஞ்ச இடத்தப் பாத்தாலே தெரியும். மடங்காத கத்தி உறையோட ஒண்ணு, கூட ஒரு சின்ன கடப்பாரை, ரெண்டும் சேர்ந்தே ஒரு ஆடம்பர மடக்குக் கத்தி விலைக்கு வராது. கரண்ட் இருக்குற வயர் பக்கம் எந்த மடக்குக் கத்தியும் போகக் கூடாது, கைப்பிடி பிளாஸ்டிக்கா இருந்தாலும் உள்ள ஸ்டீல் தகடும் ஸ்க்ரூவும்தான் இருக்கு.

ஊருக்கு ஊர் சட்டம் வேற வேற, அதையும் பாத்துக்கோங்க. பிரிட்டன்ல தகுந்த காரணம் இல்லாம பொது இடத்துல கொண்டு போகலாம்னா அது வெட்டுற விளிம்பு 3 இஞ்சுக்கு மிகாத, லாக் ஆகாத மடக்குக் கத்தியா இருக்கணும், அதாவது நான் இவ்வளவு நேரம் சிபாரிசு பண்ணின லாக்கே அங்க சிக்கல். வேலை முடிஞ்சதும் டூல் பாக்ஸ்ல வைங்க.

பராமரிப்பு பெருசா ஒண்ணும் இல்ல. பிவட்ல ஒரு சொட்டு எண்ணெய், அதிகமா விட்டா வழிஞ்சு லாக் முகத்துல போய் வழுக்கும், அந்த முகத்தத் துணியால துடைச்சுக் காய வைங்க. பாக்கெட் பஞ்சும் மண்ணும் லாக் முட்டுற இடத்துல சேர்ந்தா லாக் பாதிலயே நின்னுடும், டிக்னு சத்தம் வந்துச்சேன்னு நம்பக் கூடாது, கண்ணால பாக்கணும். வெட்டும்போது கத்தி பிடிக்காத கைக்குத்தான் கிளவுஸ் முக்கியம், இஎன் 388ங்கற ஐரோப்பியத் தரக் குறியோட வர்ற கிளவுஸ்ல வெட்டுத் தாங்குற அளவ ஏ-ல இருந்து எஃப் வரைக்கும் எழுத்தா போட்டிருப்பாங்க, எஃப்தான் உச்சம், குத்து தாங்குறதுக்கு அதுல வேற எண் இருக்கு, ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுடாதீங்க.

அப்படியும் விரல்ல மடங்கிடுச்சுன்னா சுத்தமான துணிய வச்சு நேரா காயத்து மேலயே அழுத்திப் பிடிச்சு கைய உயர்த்தி வைங்க. ரத்தம் நின்னதும் "சின்னக் காயம்தான்"னு பேண்டேஜ் ஒட்டிட்டு வேலைக்குத் திரும்பிடாதீங்க, விரலோட ஒவ்வொரு கணுவும் தனித்தனியா மடங்குதா, நுனில தொட்டா உணர்ச்சி இருக்கான்னு பாருங்க. மடங்கலன்னா, மரத்துப் போயிருந்தா, வெளிய காயம் எவ்வளவு சின்னதா இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி, டெட்டனஸ் ஊசி கடைசியா எப்ப போட்டதுன்னும் சொல்லுங்க. அந்தக் கத்திய அடுத்த ஆள் எடுத்து விரிக்கிறதுக்கு முன்னாடி லாக் முகத்தப் பாக்கணும். தேய்ஞ்சு பளபளன்னு உருண்டையா ஆயிருந்தா, இல்ல தகடு எதிர்ப்பக்கம் வரைக்கும் போயிருந்தா, பிவட்ட இறுக்கினாலும் சரியாகாது, என்கிட்ட கொண்டு வந்தாலும் நான் அலகைக் கழட்டித் தனியா குடுத்துடுவேன்.