பக்கத்து மனையில் எவ்வளவு கட்டலாம்? சென்னையின் உயர விதி

சென்னையில் பழைய தனி வீடு இடிபட்டு அடுக்குமாடி எழும்பத் தொடங்கினால் தெருவில் முதலில் எழும் கேள்வி, "எத்தனை மாடி?" ஆனால் தெருவின் நெரிசலை முடிவு செய்வது மாடிகளின் எண்ணிக்கை அல்ல. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 முக்கியமாகப் பார்ப்பவை கட்டடத்தின் உயரம், வாசலில் உள்ள சாலையின் அகலம், எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) ஆகியவை.

18.30 மீட்டர், அதாவது சுமார் 60 அடி வரை சாதாரணக் கட்டடம். அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று முதல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் தனிப் பரிசீலனை வரை பலதும் இந்த வரம்பை ஒட்டித்தான் மாறுகின்றன.

எஃப்.எஸ்.ஐ.தான் கவனிக்க வேண்டியது. ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பு குறியீடு 1.5, எல்லாத் தளங்களும் சேர்த்து 3,600 சதுர அடி கட்டலாம். இப்போது 2, ஆக 4,800 சதுர அடி. இதற்கு மேல் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. உண்டு. நிலத்தின் வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்கிடும் கட்டணத்தைச் செலுத்தினால், 9 முதல் 12 மீட்டர் வரை அகலமுள்ள சாலையில் 30 சதவீதம், 12 முதல் 18 மீட்டருக்குள் 40 சதவீதம், 18 மீட்டரும் அதற்கு மேலும் 50 சதவீதம் கூடுதலாகக் கட்டலாம். ஆக, வெறும் 30 அடி, அதாவது சுமார் 9 மீட்டர் தெருவில்கூட அந்த ஒரு கிரவுண்டில் 6,240 சதுர அடி வரை போகலாம். 18 மீட்டர் சாலையில் உயர்மாடிக் கட்டடத்துக்குக் குறியீடு 3.25, பிரீமியம் சேர்த்தால் 4.875.

உயரத்தை மட்டும் எதிர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. உயர்மாடிக் கட்டடம் சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் இடம் விட வேண்டும். 30 மீட்டரைத் தாண்டினால் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் இன்னொரு மீட்டர் கூடும். தீயணைப்பு வண்டி சுற்றி வர வழி இருக்கும், பக்கத்து வீட்டுக்கு வெளிச்சமும் கிடைக்கும். அகலச் சாலையிலும் மெட்ரோ நிலையங்களை ஒட்டியும் நகரம் மேல்நோக்கி வளரட்டும். இல்லாவிட்டால் அது ஏரிகளையும் சதுப்பு நிலத்தையும் தின்றபடி பக்கவாட்டில் பரவும். பள்ளிக்கரணையில் அதைத்தானே பார்த்தோம்?

என் கவலை 30 அடித் தெருக்களைப் பற்றியது. இரண்டு குடும்பம் இருந்த மனையில் எட்டுக் குடும்பம் வருகிறது; குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடையும் பழைய அளவிலேயே இருக்கின்றன. பிரீமியம் கட்டணம் உள்கட்டமைப்புக்கென ஒதுக்கப்பட வேண்டியது. எந்தப் பகுதியில் வசூலானதோ அந்தப் பகுதியின் குழாய்களுக்கே அது செலவாக வேண்டும் என்று வார்டு கூட்டங்களில் நாம் கேட்க வேண்டும்.

வீடு வாங்குவோருக்கு ஒன்று. 2024 திருத்தத்தின்படி, 14 மீட்டர் உயரம், 8 வீடுகள், 750 சதுர மீட்டர் பரப்பு ஆகிய வரம்புகளுக்குள் அடங்கும் குடியிருப்புகளுக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் தேவையில்லை. மின் இணைப்பு சீக்கிரம் கிடைக்கும், உண்மை. ஆனால் அனுமதித்த வரைபடத்தின்படிதான் கட்டினார்களா என்று பார்க்கும் அந்தக் கடைசிச் சோதனை போய்விடுகிறது. பார்க்கும் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது.

எனவே முன்பணம் கொடுப்பதற்கு முன் பில்டரிடம் முத்திரையிட்ட வரைபடத்தைக் கேளுங்கள். பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை டேப் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். தூண்கள் மேல் நிற்கும் கட்டடத்தின் அடியில் வண்டி நிறுத்த விடும் ஸ்டில்ட் தளத்தில் அறை எதுவும் முளைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். மனை 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ வீடுகள் எட்டுக்கு மேல் இருந்தாலோ ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். அதன் இணையதளத்தில் திட்ட விவரங்களைப் பார்க்கலாம். பக்கத்து மனைக்காரர் என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சி.எம்.டி.ஏ.விடமோ மாநகராட்சியிடமோ வரைபட நகலுக்கு விண்ணப்பிக்கலாம். தூண் எழும்பும் கட்டத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். குடியேறிய பிறகு விதிமீறலை இடித்துத் திருத்துவது மிகவும் கடினம்.