செப்டிக் டேங்க்னா நச்சுத் தொட்டியா?

கால்ல முள்ளு குத்தி பழுத்துருச்சுன்னா எங்கம்மா "புண்ணு செப்டிக் ஆயிரும்டா, ஆஸ்பத்திரிக்குப் போ"ன்னு விரட்டும். வீட்டுக்குப் பின்னாடி இருக்கற தொட்டிக்கும் செப்டிக் டேங்க்னுதான் பேரு, ஆனா ரெண்டும் ஒரே செப்டிக்தான்னு எனக்கு ரொம்ப நாளா தோணவே இல்ல.

கிரேக்கத்துல சேபெய்ன்னா அழுக வைக்கிறது, அதுல இருந்து செப்டிகோஸ், அப்புறம் லத்தீன் வழியா இங்கிலீஷ். (செப்டம்பர்ல இருக்கற செப்ட் வேற, அது லத்தீன்ல ஏழு.) இந்த மாதிரி தொட்டிய 1860கள்ல பிரான்ஸ்ல கட்டுனவரு ழான் லூயி மூரா, 1881ல பேட்டன்ட்டும் வாங்கிட்டாரு. செப்டிக் டேங்க்ங்கற பேர வெச்சது 1895 வாக்குல இங்கிலாந்துல எக்ஸிடர் ஊரு டொனால்ட் கேமரன்.

தமிழ்ல நச்சுத் தொட்டின்னு எழுதுறாங்க. உள்ள ஹைட்ரஜன் சல்பைடு தேங்கி நிக்கும், ஆளு எறங்குனா உயிரே போயிரும், பாதுகாப்பு இல்லாம ஆள எறக்கக்கூடாதுன்னு 2013 சட்டமே இருக்கு, அதனால நச்சுன்னு சொல்றதுல ஒரு நியாயம் இருக்கத்தான் செய்யுது. ஆனா தொட்டியோட வேலை அது இல்லயே. காத்து இல்லாம வாழுற பாக்டீரியா உள்ள கெடந்து மலத்த அழுக வைக்குது, கசடு அடியில தங்கிரும், எண்ணெயும் நுரையும் மேல ஏடா மெதக்கும், நடுவுல இருக்கற தண்ணி வெளிய போகும். அதனால என் ஓட்டு அழுகு தொட்டிக்குத்தான், இந்தப் பேரும் அங்கங்க புழக்கத்துல இருக்கு. பேர அப்படிச் சொன்னாலே பாதி விஷயம் புரிஞ்சிரும், ஏன்னா நம்மாளுங்க பினாயிலும் ஆன்டிசெப்டிக்கும் பாட்டில் பாட்டிலா டாய்லெட்ல ஊத்துறாங்க, ஆன்டிசெப்டிக்னா அழுகலுக்கு எதிரி, அழுக வேண்டிய எடத்துலயே அத ஊத்துனா பாக்டீரியா எப்படி பொழைக்கும்?

எங்க கொடைக்கானல்ல குளிரு வேற. டிசம்பர்ல இங்க இட்லி மாவே பொங்காது, தொட்டிக்குள்ளயும் அதே கததான், அழுகுறது மெதுவாயிரும், கசடு சீக்கிரம் ரொம்பிரும்.

இன்னொன்னு, அழுகுறதோட தொட்டி வேலை முடிஞ்சுது, வெளிய வர்ற தண்ணி சுத்தமான தண்ணி கெடயாது, கிருமி பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். மிச்ச வேலைய உறிஞ்சு குழியைச் சுத்தி இருக்கற மண்ணுதான் பாக்கணும். குடிதண்ணி கெணத்துல இருந்து 18 மீட்டராவது தள்ளி இந்தக் குழி இருக்கணும்னு ஐஎஸ் 2470ங்கற இந்தியத் தர விதி சொல்லுது, சமவெளில சரி, மலைச் சரிவுல 18 மீட்டர்னா கீழ்வீட்டு வாசல், மண்ணுக்கு அடியில பாறை, எறங்குற தண்ணி பாறை மேலயே வழிஞ்சு கீழ எங்கயாவது ஊத்தா வந்துரும். எங்க தெருவுக்குக் கீழ இருக்கற ஊத்து அப்படித்தான் நாறுச்சு, மேல ஒரு காட்டேஜ்ல அடி பூசாத தொட்டி, அதுக்குப் பேரு மட்டும் செப்டிக் டேங்க். மதுரை கலெக்டரா இருந்த லெவிஞ்ச் 1863ல ஓடைகள மறிச்சு கட்டுன கொடைக்கானல் ஏரிக்கும் சரிவுல இருக்கறதெல்லாம்தான் வந்து சேருது, அந்த ஏரி வழிஞ்சு போறதுதான் டூரிஸ்டெல்லாம் நின்னு செல்ஃபி எடுக்கற சில்வர் கேஸ்கேட் அருவி.

அந்த காட்டேஜ்காரர்கிட்ட போயி "அண்ணே, உங்க அழுகு தொட்டி கசியுது"ன்னேன். அவரு சுத்தி முத்தி பாத்துட்டு, "தம்பி, கெஸ்ட் இருக்காங்க, செப்டிக் டேங்க்னே சொல்லு"ன்னாரு.