‘றன்னர்-அப்’ என்றால் எத்தனையாவது?

போன மாசியில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவுக்குக் கிண்ணம் வாங்க ரவுணுக்குப் போயிருந்தேன். கஸ்தூரியார் வீதியில் ஒரு கடை. கடைக்காரர் உதைபந்தாட்டத்துக்கென்று இரண்டு கிண்ணங்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று நல்ல உயரம், மற்றது அதில் முக்கால்வாசி. அடியில் ஒட்டுகிற பித்தளைத் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: “அண்ணை, பெரிசுக்குச் சம்பியன் எண்டு போடுறன். சின்னனுக்கு என்ன போட? றன்னர்ஸ் அப்போ, இரண்டாமிடமோ?”

இரண்டாமிடம் என்றே போடுங்கோ என்றேன். “இங்கிலிசில போட்டால் பொடியளுக்கு எடுப்பா இருக்கும்” என்றார் அவர். என்னோடு வந்திருந்த மருமகள், உயர்தரம் படிக்கிறவள், கைபேசியில் ஏதோ ஒரு சர்வதேச அழகுராணிப் போட்டியின் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சடாரென்று தலையை நிமிர்த்தினாள்.

“மாமா, இதில ஒராளுக்கு செக்கண்ட் றன்னர்-அப் எண்டு போட்டிருக்கு. அப்ப அவ ரெண்டாவதோ, மூண்டாவதோ?”

ரெண்டாவது என்றார் கடைக்காரர். மூன்றாவது என்றேன் நான். “செக்கண்ட் எண்டால் ரெண்டுதானே அண்ணை?” என்று அவர் விடவில்லை.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஓட்டப் போட்டியில் அடுத்ததாக வந்த பிள்ளையை நாங்கள் எல்லோரும் ‘செக்கண்டா வந்தவ’ என்றுதான் சொல்கிறோம். அதே செக்கண்ட் அழகுராணி மேடையில் மூன்றாவதாகிவிடுகிறது. தமிழ்ச் செய்திகளிலும் இந்தக் கணக்கு அடிக்கடி பிசகுவதைக் கண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் வந்த ‘செக்கண்ட் றன்னர்-அப்’பை அப்படியே ‘இரண்டாமிடம்’ என்று தமிழாக்கிவிடுகிறார்கள். ஒரு பெண் உண்மையில் பெற்ற இடத்தை ஒரு படி மாற்றி எழுதுவது சின்னப் பிழையாக எனக்குப் படவில்லை. அதனால்தான் இந்தச் சொல்லை ஒருமுறை அடிவேர் வரை பார்க்கலாம் என்று நினைத்தேன்.

முதலில் எழுத்து. தமிழ்நாட்டில் இதை ‘ரன்னர்-அப்’ என்று எழுதுவார்கள். எங்கள் பக்கத்து வழக்கு வேறு. ரயர், ரவுண், ரோச் லைற் என்று டகர ஒலியில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களை ரகரம் போட்டு எழுதிப் பழகியவர்கள் நாங்கள். ‘ரன்னர்’ என்று எழுதினால் யாழ்ப்பாணத்துப் பழைய ஆள் ஒருவர் ‘டன்னர்’ என்று வாசிக்கக்கூடும். றோட்டு, றேடியோ போல இதுவும் எங்களுக்கு றன்னர்தான். ஆகவே இங்கே றன்னர் என்றே எழுதுகிறேன்.

றன்னர் என்றால் ஓடுகிறவர், சரி. பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற ‘அப்’ ஏன்? மேலே ஓடினவர் என்றா பொருள்? இந்தச் சொல் மனிதரைக் குறித்துப் பிறந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நாய்ப் பந்தயத்தில் பிறந்தது. கிரேஹவுண்ட் வேட்டை நாய்களை இரண்டிரண்டாக அவிழ்த்துவிட்டு ஒரு முயலைத் துரத்த விடுவார்கள். எந்த நாய் திறமாகத் துரத்தியது என்று நடுவர் குதிரையில் இருந்தபடி பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். வென்ற நாய் அடுத்த சுற்றுக்குப் போகும், தோற்ற நாய் வீட்டுக்குப் போகும். லங்காஷயரில் 1836இல் தொடங்கிய வாட்டர்லூ கிண்ணம் இந்தப் பந்தயங்களில் பேர்போனது. இப்படி எல்லாச் சுற்றிலும் வென்று, கடைசி ஓட்டத்தில் மட்டும் தோற்ற நாய்க்குத்தான் றன்னர்-அப் என்று பெயர். கடைசி வரை ஓடி வந்த நாய். அந்த ‘அப்’புக்கு ‘வரை’ என்று பொருள் கொண்டால் சொல் விளங்கிவிடும். பிறகு மனிதரின் ஆட்டங்களுக்கும் இது பரவியது. இங்கிலாந்தில் அந்த முயல் பந்தயமே 2005இல் தடைசெய்யப்பட்டுவிட்டது. சொல் மட்டும் இன்னும் ஓடுகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலகல் முறைப் போட்டியில் இறுதிக்கு வருவது இரண்டே பேர். ஆகவே றன்னர்-அப் என்பது ஒரே ஒரு ஆள். எங்கள் ஊர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிக்கு இது அச்சாகப் பொருந்தும். (யாழ் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் ஆடும் வடக்கின் பெரும் போரில் இந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. 1904இல் தொடங்கிய அந்தத் துடுப்பாட்டத்தில் என்றைக்கும் அதே இரண்டு அணிகள்தான். வென்றது யார், தோற்றது யார், இல்லாவிட்டால் வெற்றி தோல்வியின்றி முடிந்ததா என்பது மட்டுமே பேச்சு.)

அழகுராணிப் போட்டி அந்த மாதிரி அல்ல. அது வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டி மாதிரி. தைப்பொங்கலன்று கடற்கரையில் போய் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே வானத்தில் எல்லாப் பட்டங்களும் நிற்கும். ஒன்று இன்னொன்றோடு சோடி கட்டி மோதுவதில்லை. நடுவர்கள் எல்லாவற்றையும் பார்த்து வரிசைப்படுத்துவார்கள்: முதலாமிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம். அழகுராணி மேடையிலும் நடப்பது இந்த வரிசைப்படுத்தல்தான்.

நாய்ப் பந்தயத்துச் சொல்லை இப்படிப்பட்ட போட்டிக்கு இழுத்து வந்தபோது, ஒருவருக்கு மட்டும் இருந்த பெயரைப் பலருக்குப் பங்குபோட வேண்டி வந்தது. அதற்கு எண் போட்டார்கள். எண்ணும்போது மகுடம் சூடியவரை வெளியே விட்டுவிட்டு, மிச்சப் பேரிலிருந்து ஒன்று, இரண்டு என்று தொடங்கினார்கள். குழப்பம் முழுவதும் இங்கேதான். மகுடம் சூடியவர் முதலாமிடம். முதலாம் றன்னர்-அப் இரண்டாமிடம். இரண்டாம் றன்னர்-அப் மூன்றாமிடம். எந்த எண் வந்தாலும் ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கள் நாட்டுக் கதையிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. மிஸ் யூனிவர்ஸ் என்கிற பிரபஞ்ச அழகிப் போட்டி 1952இல் கலிபோர்னியாவின் லோங் பீச்சில் தொடங்கியது. 1955இல் அதற்கு இலங்கையிலிருந்து மொரீன் ஹிங்கேர்ட் போனார். பட்டம் சுவீடனின் ஹில்லெவி ரொம்பினுக்குக் கிடைத்தது. எல் சல்வடோரின் மரிபெல் அரியேட்டா முதலாம் றன்னர்-அப். எங்கள் ஹிங்கேர்ட் இரண்டாம் றன்னர்-அப். அவர் பின்னர் ஹொலிவூட் படங்களிலும் நடித்தார். இதைத் தமிழில் எழுதும்போது மூன்றாமிடம் என்றே எழுத வேண்டும். இரண்டாமிடம் என்று எழுதினால் அரியேட்டாவின் இடத்தைப் பிடுங்கி ஹிங்கேர்ட்டுக்குக் கொடுத்ததாகிவிடும். போட்டி தொடங்கி நாலாவது வருடத்திலேயே ஒரு சின்னத் தீவிலிருந்து போய் உலகத்தில் மூன்றாவதாக வந்தது பெரிய விசயம். அதைப் பெருப்பிக்கத் தேவையில்லை.

மேடையில் முடிவைக் கீழிருந்து மேலாக அறிவிப்பது வழக்கம். 1951இல் இலண்டனில் மிஸ் வேர்ல்ட் போட்டியைத் தொடங்கிய எரிக் மோர்லி இப்படித் தலைகீழாகச் சொல்வதற்குப் பேர்போனவர். கடைசியில் இரண்டு பெண்கள் மட்டும் கையைப் பிடித்தபடி நிற்பார்கள். அந்த நேரத்தில் முதலாம் றன்னர்-அப் இன்னார் என்று சொன்னால் போதும், வென்றவர் யார் என்பது தானாக வெளித்துவிடும். 2015இல் லாஸ் வேகாஸில் இந்த இடத்தில்தான் பிசகு நடந்தது. தொகுப்பாளர் ஸ்டீவ் ஹார்வி, அட்டையில் முதலாம் றன்னர்-அப் என்று இருந்த கொலம்பியாவின் அரியாட்னா குத்தியேரெஸின் பெயரைப் பிரபஞ்ச அழகி என்று வாசித்துவிட்டார். மகுடமும் வைத்தாயிற்று. சில நிமிடங்களில் அவரே திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டார். அந்தப் பெண்ணின் தலையிலிருந்து மகுடத்தைக் கழற்றி பிலிப்பைன்ஸின் பியா வூர்ட்ஸ்பாக்குக்குச் சூட்டினார்கள். அந்தக் காட்சியை என்னால் இன்றைக்கும் முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. முதலாம் றன்னர்-அப் என்பது வரிசையில் ஒரு எண் மட்டுமல்ல, ஒரு பொறுப்பும் கூட. வென்றவர் பட்டத்தை வைத்திருக்க முடியாமல் போனால் அடுத்தவர் அதை ஏற்க வேண்டும். 1980இல் உலக அழகியான ஜேர்மனியின் கப்ரியெல்லா ப்ரூம் 18 மணித்தியாலத்தில் விலக, குவாம் தீவின் கிம்பர்லி சாந்தோஸ் உலக அழகியானார். 2002இல் பிரபஞ்ச அழகிப் பட்டம் ரஷ்யாவின் ஒக்ஸானா ஃபெதரோவாவிடமிருந்து எடுக்கப்பட்டு, முதலாம் றன்னர்-அப்பாக வந்த பனாமாவின் ஜஸ்டின் பாசெக்குக்குப் போனது. கொழும்பில் 2021 ஏப்ரலில் திருமதி இலங்கை அழகுராணிப் போட்டியில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். முன்னைய அழகுராணி மேடையிலேயே வென்றவரின் தலையிலிருந்து மகுடத்தைக் கழற்றி இரண்டாமிடத்தவரின் தலையில் வைத்தார். பிறகு மகுடம் புஷ்பிகா டி சில்வாவிடமே திரும்பி வந்தது. மகுடம் பறிபோனவருக்காக எல்லோரும் இரங்கினோம். கேளாமலே தலையில் மகுடம் ஏறி, பிறகு இறங்கிய அந்த இரண்டாவது பெண்ணை யோசித்தவர்கள் குறைவு.

அடுத்து முடி ஏற வேண்டியவர் என்ற இந்தப் பொருளைச் சில மொழிகள் பெயரிலேயே வைத்திருக்கின்றன. பாரிசில் இருக்கிற என் தமக்கை தொலைபேசியில் மிஸ் பிரான்ஸ் போட்டியைப் பற்றிச் சொல்லும்போது “முதலாவது தோஃபீன்” என்பார். தோஃபீன் என்றால் பிரெஞ்சு அரசில் அடுத்து முடி சூட வேண்டிய இளவரசரின் பட்டப்பெயர், பெண்பாலில். ஓங்கில் மீனைச் சின்னமாகக் கொண்ட ஒரு சிற்றரசு 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசோடு சேர்ந்தபோது, அந்த ஓங்கில் பெயர் இளவரசருக்கு வந்தது. ஆங்கிலத்தில் நாய், பிரெஞ்சில் ஓங்கில்! கொலம்பியாவில் ராணிக்கு அடுத்தவரை ‘விரெய்னா’ என்பார்கள், துணை ராணி என்ற பொருளில். அதற்கும் அடுத்தவர்கள் முதலாம் இளவரசி, இரண்டாம் இளவரசி என்று போவார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இலங்கையில் நாங்கள் அழகி என்று நிறுத்தாமல் அழகுராணி என்கிறோம். ராணி என்று வந்துவிட்டால் அடுத்தவரை இளவரசி எனலாமே என்று தோன்றும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இளவரசி என்றால் ராணியின் மகள் என்றே எங்கள் காதில் விழும், கூட நின்று போட்டியிட்டவர் என்ற எண்ணம் வராது. ‘உப அழகுராணி’ என்றும் சிலர் சொல்லிப் பார்க்கிறார்கள். உப அதிபர், உப தவிசாளர் என்றால் அதிபரும் தவிசாளரும் இருக்கும்போதே அவர்களுக்கு ஒரு கதிரையும் வேலையும் உண்டு. றன்னர்-அப்புக்கு அப்படி இல்லை. ‘தோற்றவர்’ என்பது அறவே பிழை. 1994இல் இந்திய அழகிப் போட்டியில் சுஷ்மிதா சென்னுக்கு அடுத்து வந்த ஐஸ்வர்யா ராய் அதே வருடம் உலக அழகியானார். அவரைத் தோற்றவர் என்று எழுத யாருக்குக் கை வரும்?

பழந்தமிழில் தேடினால் முதலிடத்துக்குத்தான் சொல் கிடைக்கிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி 12 வயதில் அரங்கேறித் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சும் பெறுகிறாள். அங்கே அடுத்து வந்தவள் என்று யாரும் இல்லை. அது போட்டியல்ல, அரங்கேற்றம்.

எனக்குச் சரியாகப் படுவது எங்கள் பாடசாலை மைதானத்தில் காலங்காலமாக ஒலிபெருக்கியில் வரும் சொல். இல்ல மெய்வல்லுநர் போட்டியில் “இரண்டாம் இடத்தைப் பெற்றுக்கொள்பவர்…” என்று கேட்டதும் எந்தப் பிள்ளையும் குழம்பியதில்லை. தமிழ்த்தினப் போட்டிச் சான்றிதழிலும் அதே சொல்தான். நிலையைச் சொல்ல இரண்டாமிடம், ஆளைச் சொல்ல இரண்டாமிடத்தவர். பட்டத்தை ஏற்கும் பொறுப்பைச் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘அடுத்து மகுடத்துக்கு உரியவர்’ என்று விரித்து எழுதலாம். முதலாம், இரண்டாம் என்று எண் போடாமல் றன்னர்-அப் எல்லோரையும் சேர்த்துச் சொல்லும்போது ‘அடுத்த இடங்களைப் பெற்றவர்கள்’ என்றால் போதும்.

ஒரு சின்ன விசயம். ஒருவரைப் பற்றிப் பேசும்போதும் நாங்கள் ‘றன்னர்ஸ் அப்’ என்கிறோம். அது கிண்ணத்திலிருந்து வந்த பழக்கம். ஆங்கிலத்தில் ஓர் அணியைப் பலராகக் கருதிப் பன்மையில் பொறிப்பார்கள். தனி ஒரு பெண்ணுக்கு அந்த ‘ஸ்’ வேண்டாம்.

இவ்வளவையும் கடையில் வைத்து நான் சொல்லவில்லை. “ராணியை விட்டிட்டு எண்ணுறாங்கள் தம்பி, அதுதான்” என்று மட்டும் சொன்னேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப ராணியையும் சேர்த்தெண்டால் மூண்டு” என்றார். பிறகு தகட்டைப் பொறியில் இறுக்கி, ‘இரண்டாமிடம்’ என்று வெட்டத் தொடங்கினார். வலைப்பந்தாட்டத்துக்கு மூன்று கிண்ணங்கள் இருந்தன. மூன்றாவதுக்கு என்ன போட என்று அவர் கேட்கவில்லை.