பக்கப்பட்டையில் மட்டும் தீக்குச்சி பற்றுவது ஏன்?

சுவரில் கிழித்தால் பற்றாத தீக்குச்சி, பெட்டியின் பக்கத்தில் கிழித்ததும் பற்றிக்கொள்கிறதே, எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தீயைத் தொடங்கிவைக்கும் பொருள் குச்சியில் இல்லவே இல்லை. அது பெட்டியில் இருக்கிறது.

குச்சித் தலையின் மருந்தில் ஏறக்குறைய பாதி பொட்டாசியம் குளோரேட். சூடானால் ஆக்சிஜனை வெளிவிடும் உப்பு. எரிவதற்குக் கந்தகம் அல்லது ஆன்டிமனி சல்பைடு, உராய்வுக்குக் கண்ணாடித் தூள், பிடிப்புக்குப் பசை. பக்கப்பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ், கண்ணாடித் தூள், பசை. பாஸ்பரஸும் குளோரேட்டும் தனித்தனியே இருக்கும்வரை ஆபத்தில்லை.

கிழிக்கும்போது கண்ணாடித் துகள்களின் கூர்முனைகள் மட்டுமே பட்டையைத் தொடுகின்றன. கையின் அழுத்தம் முழுவதும் அந்த நுண்ணிய புள்ளிகளில் குவிய, அங்கே மட்டும் சட்டென்று சூடேறுகிறது. சிவப்பு பாஸ்பரஸில் அணுக்கள் நீண்ட சங்கிலிகளாகக் கோத்திருப்பதால் அது சாதுவானது. காற்றில் பற்ற ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் வேண்டும். உராய்வுச் சூட்டில் அந்தச் சங்கிலிகளில் சில அறுபடுகின்றன. அறுந்த அணுக்கள் நான்கு நான்காகச் சேர்ந்து, நான்முகி வடிவ மூலக்கூறாகின்றன. இதுதான் வெள்ளை பாஸ்பரஸ்! அதன் பிணைப்புகள் 60 டிகிரி கோணத்தில் இறுக வளைந்திருப்பதால், எப்போது விடுபடுவோம் என்று துடிக்கிறது. 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே காற்றில் பற்றிவிடும். கூடவே, பட்டையிலிருந்து உதிர்ந்த சிவப்புத் தூள் தலையிலுள்ள குளோரேட்டில் ஒட்டிப் பொறி பறக்கிறது. இந்த இரண்டையும் தூளாகக் கலந்தால் லேசான உரசலிலேயே வெடிக்கும் என்பதால் யாரும் கலந்து பார்க்கவே கூடாது. பெட்டியில் அவை சந்திப்பது இம்மியளவே. அதுவும் நாம் கிழிக்கும் நொடியில் மட்டுமே. இதைவிட அழகான பாதுகாப்பு ஏற்பாட்டை நான் அறியேன்.

மிச்சமெல்லாம் வேகமாக நடக்கும். குளோரேட் ஆக்சிஜனைத் தருகிறது, கந்தகம் எரிகிறது, மரத்தில் ஊறியிருக்கும் பாரபின் மெழுகு ஆவியாகிச் சுடரைக் குச்சிக்குக் கடத்துகிறது. அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் நனைத்த குச்சி என்றால், அணைத்தபின் கங்கு தங்காது.

19ஆம் நூற்றாண்டில் குச்சித் தலையிலேயே வெள்ளை பாஸ்பரஸை வைத்தார்கள். அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பு அழுகியது. சுவீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ் 1844இலேயே பாஸ்பரஸைப் பெட்டிப் பக்கத்துக்கு மாற்றும் வழியைக் காட்டினார். வெள்ளை பாஸ்பரஸ் குச்சிகளுக்கு எதிரான பெர்ன் உடன்படிக்கை வந்ததோ 1906இல்தான். வெள்ளை பாஸ்பரஸ் மலிவு என்பதற்காக அத்தனை தாடைகளைப் பலிகொடுத்திருக்கிறார்கள். தொழிலாளர் உடல்நல ஆராய்ச்சிக்கான நிதியைக் கடைசியில் ஒதுக்கும் வழக்கம் இன்னும் மாறவில்லை. மாறியே ஆக வேண்டும்.

கிழித்தும் பற்றவில்லையா? மெதுவாக இழுத்தால், உண்டாகும் சூடு சேர்வதற்குள் பரவிப்போகும். பட்டை தேய்ந்து வழவழப்பானால் பாஸ்பரஸும் கண்ணாடித் தூளும் அங்கே மிஞ்சியிருக்காது. தேயாத ஓரத்தில் கிழிக்க வேண்டும். ஈரம் ஏறினால் பசை இளகி, மருந்து தீப்பிடிப்பதற்கு முன்பே உதிர்ந்துவிடும். லேசாக நமுத்த குச்சி நிழலில் காய்ந்தால் பெரும்பாலும் பற்றும். தண்ணீரில் ஊறிய குச்சியில் குளோரேட்டே கரைந்து வெளியேறியிருக்கும். அதை எவ்வளவு காயவைத்தும் பயனில்லை.