ஊட்டியைவிடக் குட்டை மலைதானே?

பிரான்சின் ஓவேர்ன்யு பகுதியில் இருக்கும் புய் த சான்சி மலைக்குக் கேபிள் காரில் ஏறிவிட்டு, மேல் நிலையத்துச் சுவரோடு ஒண்டிக்கொண்டு, பருத்திச் சட்டையும் ரப்பர் செருப்புமாகக் குழந்தை குட்டிகளோடு நடுங்கி நிற்பவர்களை இந்தக் கோடையிலும் பார்த்தாகிவிட்டது. கேட்டால் ஒரே பதில்தான்: "ஆயிரத்து எண்ணூறு மீட்டர்தானே சார், எங்க ஊட்டியே இதைவிட உயரம்."

கணக்கு சரிதான். சான்சி 1,886 மீட்டர். பிரான்சின் நடுவே கிடக்கும் மாசிப் சென்ட்ரல் மேட்டுநிலம் முழுவதிலும் அதற்கு மேல் சிகரம் கிடையாது. ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா 2,637. ஆனால் ஊட்டி நிலநடுக்கோட்டுக்கு 11 டிகிரி வடக்கே இருக்கிறது. இந்த ஓவேர்ன்யு மலைகள் 45 டிகிரிக்கும் மேலே. தொட்டபெட்டா சரிவில் 2,600 மீட்டர் வரை சோலை மரம் நிற்கிறது. இங்கே 1,500 மீட்டரைத் தாண்டினாலே மொட்டைப் புல்வெளிதான். மரமே நிற்க மாட்டேன் என்று விட்டுப்போன இடத்தில் நீங்கள் அரைக்கைச் சட்டையோடு நிற்கிறீர்கள். இன்னொன்று, அட்லாண்டிக் கடலிலிருந்து கிழக்கே வீசும் காற்றுக்கு வழியில் குறுக்கே நிற்கும் முதல் பெரிய மேடு இதுதான். நடுவில் தடுக்க எதுவும் இல்லை.

இதை எண்ணில் சொன்னால்தான் சிலருக்கு உறைக்கிறது. 100 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.65 டிகிரி குறையும். கிளெர்மோன்-ஃபெராண் நகரம் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 15 டிகிரி என்றால் சான்சி உச்சியில் ஏறக்குறைய 5. உச்சியில் காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் (அங்கே அது சாதாரணம்) உடம்புக்கு மைனஸ் 1 போலத் தெரியும். இது சட்டை காய்ந்திருக்கும்போது. வியர்வையிலோ மேகத்திலோ பருத்தி நனைந்துவிட்டால் அது உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜீன்ஸ் இன்னும் மோசம், காயவே காயாது. ஹோட்டல் ஜன்னலில் வெயில் அடிக்கிறதா என்று பார்த்துப் பெட்டியை மூடாதீர்கள். உச்சியின் வானிலையைத் தனியாகப் பாருங்கள். செயற்கை இழை அல்லது கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஒரு ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். ஆகஸ்டிலும் இதே மூன்று அடுக்குதான். புடவை கட்டி வரக் கூடாது என்று சொல்லவில்லை. அதற்கு மேலே ஜாக்கெட், கீழே பிடிப்புள்ள ஷூ, அவ்வளவுதான்.

இவை பழைய எரிமலைகள் என்பதால் "எரிமலை வெடிக்குமா சார்" என்று கேட்பவர்களில் பாதிப் பேராவது "உச்சியில் பனி கிடக்குமா" என்று கேட்டால் நிம்மதியாக இருக்கும். கேபிள் கார் இறக்கிவிடும் இடத்திலிருந்து சான்சி உச்சிக்கு எண்ணூறு சொச்சம் மரப்படிகள். மே மாதத்திலும், சில வருடம் ஜூனிலும், வடக்குப் பார்த்த சரிவுகளில் பழைய பனித் திட்டுகள் கிடக்கும். பார்க்க அழகு, தொட்டால் கண்ணாடி. இரவில் உறைந்து காலையில் இறுகிக் கிடக்கும் அந்தத் திட்டில் சாதாரண ஷூவோடு கால் வைத்துச் சறுக்கினால், கீழே பாறை வரை நிற்காது. அந்தத் திட்டு எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் சரி, குறுக்கே கடக்காதீர்கள், திரும்பி வாருங்கள்.

அடுத்த சிகரம் புய் த டோம், 1,465 மீட்டர். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த எரிமலை வரிசையில் மிகப் பெரியது. 1648 செப்டம்பரில் விஞ்ஞானி பாஸ்கலின் மைத்துனர் ஃப்ளோரான் பெரியே பாதரசக் குழாயை இதன் உச்சிக்குக் கொண்டுபோய், கீழே கிளெர்மோன் நகரத்தில் நின்றதைவிடப் பாதரசம் 3 அங்குலம் இறங்கியிருப்பதைப் பார்த்தார். காற்றுக்கு எடை உண்டு என்பது அன்று உறுதியானது. உச்சியில் 2ஆம் நூற்றாண்டு ரோமானியர் காலத்து மெர்க்குரி கோவிலின் அடித்தளம் இருக்கிறது. 2012 முதல் பல்சக்கர ரயில் கால் மணி நேரத்தில் ஏற்றிவிடுகிறது. சொந்தக் காரில் ஏற முடியாது. சிக்கல் கடைசி ரயிலில்தான் வருகிறது. அதன் நேரத்தை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். தவறவிட்டால் கோவேறு கழுதைக்காரர் பாதை எனும் பழைய வளைவுப் பாதையில் செசா கணவாய் வரை சுமார் 390 மீட்டர் இறங்க வேண்டும், அதுவும் இருட்டில். அந்தக் கணவாய் ரயில் நிலையம் இருக்கும் பக்கம் கிடையாது. உங்கள் கார் நிற்பது வேறு பக்கம். சான்சி கேபிள் காருக்கும் இதேதான். காற்று கடுமையானால் நிறுத்திவிடுவார்கள். நடந்து இறங்கத் தெம்பும் தகுந்த ஷூவும் இல்லாதவர்கள், காற்று எச்சரிக்கை உள்ள நாளில் ஏறவே வேண்டாம்.

கான்தால் மாவட்டத்துப் பக்கம் புய் மாரி சிகரம். பா த பெய்ரோல் கணவாயிலிருந்து படி வைத்த பாதையில் அரை மணி நேரத்தில் 1,780 மீட்டரைத் தாண்டிவிடலாம். வழுக்கும், செங்குத்து, ஆனால் குழப்பம் இல்லை. அங்கிருந்து கிழக்கே முகட்டுப் பாதையில் "இன்னும் கொஞ்ச தூரம்" என்று போகிறவர்கள்தான் மாட்டுகிறார்கள். ரோலான் பிளவு என்ற இடத்தில் கையையும் ஊன்றி ஏறி இறங்க வேண்டும். ஈரமாக இருந்தாலோ மூடுபனி இருந்தாலோ அதற்கு முன்பே திரும்புங்கள். அந்தக் கணவாய்ச் சாலை குளிர்காலத்தில் மூடிவிடும், பெரும்பாலும் மே வரை திறக்காது. ஃபோன் வரைபடம் அதன் வழியாகவே வழி காட்டும்! சாலை ஓரப் பலகையில் பெயருக்குப் பக்கத்தில் "ஃபெர்மே" (மூடியிருக்கிறது) என்று இருந்தால் அங்கேயே வண்டியைத் திருப்புங்கள். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை இந்த மாவட்டங்களின் மலைப் பகுதிகளில் குளிர்கால டயர் அல்லது சங்கிலி கட்டாயம். வாடகைக் கார் எடுக்கும்போதே கேட்டு, டயரைக் கண்ணால் பாருங்கள்.

கோடையில் இடி. காலையில் நீலவானம், மதியம் காலிஃபிளவர் மேகம், மூன்று மணிக்கு மின்னல். மொட்டை உச்சியில் அந்த நேரத்தில் மிக உயரமான பொருள் நீங்கள்தான். ஏழு எட்டு மணிக்குக் கிளம்பி, பிற்பகல் ஒன்று இரண்டுக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30க்குள் வந்தால் பேச்சே கிடையாது, இறங்க வேண்டும். இரும்பு முனை ஊன்றுகோலைத் தள்ளி வையுங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

அடுத்து மாடு. ஊரில் மாடு பார்க்காதவர்களா நாம் என்ற நினைப்புத்தான் இதில் வம்பு. சாலேர் இனப் பசு, கருஞ்சிவப்புச் சுருள் முடி, யாழ் போல வளைந்த கொம்பு, படம் எடுக்கக் கை பரபரக்கும். கன்று பக்கத்தில் இல்லாவிட்டால் இந்தப் பசு பாலே இறக்காது. பழைய முறையில் கறக்கும்போது கன்றைத் தாயின் முன்காலோடு கட்டிவைப்பார்கள். அப்படிப்பட்ட தாய்க்கும் கன்றுக்கும் நடுவே செல்ஃபி எடுக்கப் போகிறவரை என்ன சொல்வது? வீட்டு வாசலில் கட்டிக் கிடக்கும் மாடு இல்லை இது. கோடை முழுக்க மேய்ச்சலில் கிடந்து மனிதரை அதிகம் பார்க்காத மந்தை. 50 மீட்டர் தள்ளி, சத்தம் போடாமல் சுற்றிப் போங்கள். தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறினால் முதுகு காட்டி ஓடாதீர்கள், பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள். நாய் கூட இருந்தால், பசு பாய்ந்து வரும்போது கயிற்றை விட்டுவிடுங்கள். அது தப்பித்துக்கொள்ளும், நீங்கள் தப்ப மாட்டீர்கள். கம்பி வேலிக் கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போவது உங்கள் வேலை.

ஆட்டு மந்தை என்றால் வெள்ளைக் காவல் நாய் இருக்கலாம். குரைத்துக்கொண்டு ஓடி வரும். நில்லுங்கள், சைக்கிளிலிருந்து இறங்கிவிடுங்கள், கல்லைத் தூக்காதீர்கள், கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். அது மோந்து பார்த்துவிட்டுப் போகும். அப்புறம் மந்தையைப் பெரிய வட்டமாகச் சுற்றிப் போங்கள்.

பவேன் ஏரி, எரிமலை வாயில் தேங்கிய நீர், 90 மீட்டருக்கும் மேல் ஆழம். கரையிலிருந்தே சடாரென்று இறங்கும். அதில் குளிக்க வேண்டாம். நீந்த ஆசையென்றால் கோடையில் காவலர் நிற்கும் ஷாம்போன் ஏரிக் கரைக்குப் போங்கள். மேலே மாடு மேய்கிற ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குடிக்காதீர்கள்.

சரித்திர இடங்களில் ஆபத்து குறைவு, ஆனால் அலட்சியம் அதே. லெ புய்-ஆன்-வெலேயில் எரிமலைப் பாறை முனையில் நிற்கும் புனித மிஷேல் தேவாலயத்துக்கு 268 கற்படிகள். மழையில் எண்ணெய் தடவியது போல இருக்கும், கைப்பிடியை விடாதீர்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கீழேயே உட்கார வையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சேன்-நெக்தேர், ஓர்சிவால் தேவாலயங்கள் 12ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள், உள்ளே கோடையிலும் குளிரும்; பூசை நடந்தால் வெளியே காத்திருங்கள். கிமு 52இல் கோல் இனத் தலைவர் வெர்சென்ஜெதோரி ரோமானியத் தளபதி சீசரைத் தோற்கடித்த ஜெர்கோவி மேடு வெறும் புல்வெளிதான். அங்கேயும் உண்ணி உண்டு. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். இரவில் அக்குள், முழங்கால் மடிப்பு, குழந்தையின் தலைமுடி எல்லாம் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் கொக்கியைத் தோலோடு ஒட்டி நுழைத்து, திருகி எடுங்கள். ஒரு மாதம் வரை அந்த இடத்தில் சிவப்பு வட்டம் பெரிதாகிறதா என்று கவனியுங்கள். அப்படிப் பெரிதானால் மருத்துவரிடம் போங்கள்.

சாப்பாடு 12லிருந்து 2 மணிக்குள்தான். அப்புறம் கிராமத்தில் அடுப்பு அணைந்துவிடும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் கடைகள் மூடியிருக்கும். ஆளில்லாத பெட்ரோல் பங்க் வங்கி அட்டையை மட்டுமே வாங்கும், அதுவும் பெருந்தொகையை முதலில் பிடித்துவைக்கும். டாங்கி பாதியாகும்போதே நிரப்புங்கள்.

உதவிக்கு 112. உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் போகும். பேச முடியாதவர்கள் 114க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். எந்தச் சிகரம், எந்தப் பாதை, பாதைக் குறியின் நிறம் (வெள்ளை-சிவப்பா, மஞ்சளா), எத்தனை பேர், யாருக்கு என்ன ஆனது என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். ஃபோனில் தெரியும் அட்ச, தீர்க்க எண்களைப் படித்துக் காட்டுங்கள். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும்; ஃபோனை உடம்போடு ஒட்டி உள்சட்டையில் வையுங்கள். இணைப்பை நீங்களாகத் துண்டிக்காதீர்கள்.