ஒழுகும் தொட்டியும் திறந்து கிடக்கும் படலும்

போன வருடம் கார்த்திகைக் கடைசியில் திருப்பூர் மாவட்டத்து மூலனூர்ப் பக்கம் ஒரு கொறங்காட்டுக்கு, அதாவது வேலி கட்டிய மேய்ச்சல் காட்டுக்கு, வரச் சொல்லி அழைப்பு வந்தது. நாற்பது செம்மறி. "பூச்சி மருந்து மூணு வாட்டி ஊத்தியாச்சுங்க டாக்டர். அப்பவும் ரெண்டு குட்டி செத்துப்போச்சுங்க. கழிச்சல்கூட இல்லீங்க" என்றார் அந்த அம்மா.

கழிச்சல் இல்லை என்றதுமே பாதி விளங்கிவிட்டது. ஓர் ஆட்டின் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். சிவந்திருக்க வேண்டிய சவ்வு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. இன்னொன்றுக்குத் தாடைக்கு அடியில் நீர் கோத்துத் தொங்கியது. நாளெல்லாம் குனிந்து மேய்வதால் இந்த வீக்கம் சாயங்காலம் பெரிதாகத் தெரியும், காலையில் பட்டியில் நிற்கும்போது வடிந்திருக்கும். அதனால் பல பேர் கண்ணில் படுவதே இல்லை.

இது ஹீமாங்கஸ் என்னும் புழு. ஆட்டின் நான்காவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். செத்த ஆட்டை அறுத்துப் பார்த்தால் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல்போல நெளியும். ஒரு புழு ஒரு நாளைக்கு சுமார் 0.05 மில்லி இரத்தம் குடிக்கும். ஒன்றுமில்லாத அளவாகத் தெரியும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி ஆகிறது. 20 கிலோ ஆட்டின் உடம்பில் இருக்கும் மொத்த இரத்தமே ஒன்றேகால் லிட்டர்தான். நாடாப்புழு அரிசி அரிசியாகப் புழுக்கையோடு விழுந்தால் ஊரே பதறி ஓடி வருகிறது. அது பெரும்பாலும் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத இதுதான் ஆட்டைக் கொல்கிறது.

சரி, மூன்று தடவை மருந்து ஊற்றியும் ஏன் போகவில்லை? ஒரே மருந்தைத் திருப்பித் திருப்பி ஊற்றியதில் புழு அதற்குப் பழகியிருக்கலாம். எடையைக் கண்மதிப்பில் போட்டு அளவைக் குறைத்திருக்கலாம். அதையெல்லாம் பேசுவதற்கு முன் காட்டைச் சுற்றிவந்தேன்.

கிளுவை வேலி போட்ட நான்கு காடுகள். உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல் மரம். வேலி வாசலை அடைக்கும் நான்கு படலும் திறந்தே கிடந்தன. ஆடு இஷ்டத்துக்கு எங்கும் போய்வரும். நடுவில் தண்ணீர்த் தொட்டி, அடியில் வெடிப்பு. கசிந்த தண்ணீரில் தொட்டியைச் சுற்றிப் பத்தடிக்கு அறுகம்புல் பச்சைப்பசேல் என்று, ஆட்டின் பல் பட்டுப்பட்டுத் தரையோடு தரையாக இருந்தது. அதன்மேல் கால் வைக்க இடமில்லாமல் புழுக்கை. தண்ணீர் குடிக்க வரும் ஆடு அங்கேயே நின்று போடுகிறது, அங்கேயே கடிக்கிறது. நோயின் முகவரி அந்தப் பத்தடிதான்.

ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஐயாயிரம் முட்டைக்கு மேல் இடும். சூடும் ஈரமும் இருந்தால் நான்கிலிருந்து ஏழு நாளில் அவை ஆட்டைத் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். பனியோ மழையோ புல்லில் மெல்லிய நீர்ப்படலம் விட்டால் அதில் இந்தக் குஞ்சுப்புழு மேலே ஏறும். ரொம்ப உயரம் ஏறாது, பெரும்பகுதி தரையிலிருந்து நாலு விரற்கடைக்குள்தான். ஒட்ட மேயும் ஆடுதான் அதிகம் விழுங்கும். கொழுக்கட்டைப்புல்லில் ஒரு சாண் தாள் மிச்சமிருக்கும்போதே ஆட்டை மாற்றிவிட்டால் பாதிச் சண்டை முடிந்தது. பனி உலர்ந்து வெயில் ஏறிய பிறகே பட்டியைத் திறப்பது நம் பெரியவர்கள் செய்துவந்ததுதான். வேலைக்குப் போகிற அவசரத்தில் இப்போது ஆறு மணிக்கே திறக்கிறோம்.

தொற்றும் நிலைக்கு வந்த இந்தப் புழுவுக்கு வெளியே தீனி எடுக்க வழி கிடையாது. உடம்பில் சேர்த்துவைத்த சத்தைத்தான் செலவழிக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் அது சீக்கிரம் தீரும். பசிபிக் தீவு ஒன்றில் வெள்ளாட்டுக்கு மேய்ச்சலைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மட்டும் விட்டு, ஒரு மாதம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தார்கள். புழு நன்றாகக் குறைந்தது. முட்டை பக்குவப்படும் முன் ஆடு கிளம்பிவிடுகிறது, திரும்பி வரும்போது புழு பட்டினியில் போயிருக்கிறது.

நான்கு காட்டை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை அப்படியே போட முடியாது. நாலு நாள் வீதம் சுற்றினால் பன்னிரண்டு நாளில் பழைய இடத்துக்கு வந்துவிடுவோம், அது புழு முழு வீரியத்தோடு காத்திருக்கும் நேரம். அதனால் அவரிடம் சொன்னது வேறு. மழைக்காலத்தில் காட்டைப் பட்டி வலை கட்டி இரண்டு மூன்றாகத் தடுங்கள். ஒரு காட்டை ஆடியிலிருந்தே சாத்திவைத்து, குட்டிபோட்ட தாய்க்கும் பால்மறந்த குட்டிக்கும் மட்டும் திறங்கள். ஈனும் சமயத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து அதிக முட்டை வெளியாகும், அதைத் தாங்க முடியாதது குட்டிதான். ஆடு மேய்ந்த காட்டில் அடுத்து மாட்டை விடுங்கள். செம்மறியின் இந்தப் புழு வளர்ந்த மாட்டுக்குள் பெரும்பாலும் பிழைக்காது, மாடு மேய்ந்தே காட்டைச் சுத்தம் செய்துவிடும். வெள்ளாட்டை விட்டால் அந்தப் பலன் கிடையாது, இரண்டுக்கும் ஒரே புழு. சோளம், கொள்ளு அறுத்த தாள்காடு இருந்தால் இன்னும் நல்லது, பயிர் நின்ற மாதங்களில் அங்கே புழுக்கை விழவில்லை.

அப்புறம் மரம். வெள்வேல் காயும் தழையும், கருவேலங்காயும், வேலிமசால் என்ற தீவனச் செடியும் டானின் என்ற துவர்ப்புச் சத்து உள்ளவை. அது புழுவின் முட்டையிடும் வேகத்தை ஓரளவு மட்டுப்படுத்தும். மரத்துத் தழையில் புழு ஏறியிருக்காது என்பது அதைவிடப் பெரிய லாபம். ஆனால் துவர்ப்பு மிஞ்சினால் ஆடு தீனி எடுக்காது, பால் வற்றும். சவுண்டல் (சூபாபுல்) தழையைத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள், அதில் வேறு நஞ்சும் உண்டு. இவை எதுவும் மருந்துக்கு மாற்று அல்ல. இமை வெளுத்த ஆட்டுக்கு மரக்காயை மட்டும் நம்பினால் ஆடு மிஞ்சாது.

மருந்தும் எல்லா ஆட்டுக்கும் ஊற்ற வேண்டியதில்லை. மந்தையில் கால்வாசி ஆடுகள்தான் பெரும்பாலான புழுவைச் சுமக்கின்றன. அன்றைக்கு நாற்பதையும் இமை பார்த்ததில் பதினொன்றுக்கு மட்டும் வேறு வகை மருந்து, எடை போட்டுக் கொடுத்தேன். அனைத்துக்கும் ஊற்றி உடனே சுத்தமான காட்டில் விட்டால், மருந்துக்குத் தப்பிய புழுவின் வாரிசு மட்டுமே அங்கே குடியேறும். பதினைந்து நாள் கழித்துப் புழுக்கையை அரசு கால்நடை மருந்தகத்தில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஆசனவாயிலிருந்தே புதிதாக எடுத்த புழுக்கையாக இருக்க வேண்டும், தரையில் கிடந்தது வேண்டாம்.

தை மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். தொட்டியின் வெடிப்பை அடைத்து, சுற்றிலும் சரளை கொட்டியிருந்தார்கள். மூன்று படல் சாத்தியிருந்தது. அதில் ஒன்றை அவர் வீட்டுக்காரர் திறக்கப் போக, "அது குட்டிக் காடுங்க, சாத்துங்க" என்று அந்த அம்மா திண்ணையிலிருந்தே சத்தம் போட்டார்.