வராமல் நின்றுவிட்டால் பெயர் நீங்கிவிடாது

புது வீட்டுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. கேஸ் இணைப்பை மாற்றியாயிற்று. ரேஷன் அட்டைக்கு முகவரி மாற்ற மனு போட்டாயிற்று. சாமான் ஏற்றிய வண்டியும் ஊர் எல்லையைத் தாண்டிவிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பெயர் மட்டும் பழைய அரசுப் பள்ளியின் பதிவேட்டிலேயே கிடக்கிறது.

இரண்டு மாதம் கழித்து, புது ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியர் மேசைக்கு முன்னால் அப்பா வந்து நிற்கிறார். டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) எங்கே என்று கேட்டால், "அங்க போகாம நின்னாச்சுங்க சார், அவங்களே பேரை எடுத்திருப்பாங்க" என்கிறார். இந்த ஆண்டும் இதே பதில்தான் வந்துகொண்டிருக்கிறது. எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்வது? அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

எடுத்திருக்க மாட்டார்கள். எடுக்கவும் கூடாது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு, தொடக்கக் கல்வி முடியும் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது. பத்து நாள் வராவிட்டால் பெயரை அடித்துவிடுவது உங்கள் அப்பா காலத்து வழக்கம். இப்போது வராத பிள்ளையின் பெயர் அப்படியே இருக்கும். வகுப்பாசிரியர் தினமும் காலையில் செயலியைத் திறந்து அந்தப் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறிப்பார். சில வாரங்களில் அந்தப் பிள்ளை 'நீண்ட நாள் வராதவர்' பட்டியலில் ஏறும். பிறகு 'இடைநின்றவர்' பட்டியலுக்குப் போகும். வட்டார வள மையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் பூட்டிய வீட்டின் முன்னால் நின்று, பக்கத்து வீட்டாரிடம் "எங்க போனாங்க?" என்று விசாரிப்பார். அவர்கள் "திருப்பூர் பக்கம்னு சொன்னாங்க" என்பார்கள். திருப்பூர் பக்கத்தில் எங்கே போய்த் தேடுவது?

நீங்கள் ஊர் மாறிய குடும்பம். அரசுக் கணக்கிலோ உங்கள் பிள்ளை படிப்பை விட்ட பிள்ளை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வெள்ளைத்தாள் விண்ணப்பம், அரை மணி நேரம்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, பள்ளி வேலைநாளில், அப்பாவோ அம்மாவோ நேரில் போங்கள். விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயர், வகுப்பு, பிரிவு, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்), விலகும் காரணம், போகிற ஊர், உங்கள் கைப்பேசி எண் இருந்தால் போதும். போகிற ஊரைக் கேட்பது வம்புக்காக அல்ல, நாளைக்கு அந்த ஊர்ப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் அடையாளம் தெரிய வேண்டும். கைப்பேசி எண் மாறியிருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அரசுப் பள்ளியில் டி.சி.க்குக் கட்டணம் கிடையாது. பத்திரமோ நோட்டரி கையெழுத்தோ தேவையில்லை.

அதன் பிறகு தலைமையாசிரியர் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, சேர்க்கை நீக்கல் பதிவேட்டில் எழுதி, மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திட்டுக் கொடுப்பது. இன்னொன்று, எமிஸ் தளத்தில் பிள்ளையைத் தன் பள்ளியிலிருந்து விடுவித்து 'காமன் பூல்' எனும் பொதுத் தொகுப்புக்கு அனுப்புவது. புதிய பள்ளி அந்தத் தொகுப்பிலிருந்துதான் பிள்ளையை எடுத்துக்கொள்ள முடியும். நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கையில் காகிதம் கிடைத்ததும் வேலை முடிந்ததென்று கிளம்பிவிடுகிறார்கள். காகிதம் உங்களோடு பேருந்து ஏறிவிடும், எமிஸில் பிள்ளை பழைய பள்ளியிலேயே உட்கார்ந்திருக்கும். "காமன் பூலுக்கு அனுப்பியாச்சுங்களா சார்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதை எந்தத் தலைமையாசிரியரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எமிஸில் பெயர் வராமல் புதிய வகுப்பில் உட்கார்ந்தால் என்ன குறை என்று கேட்கிறவர்கள் உண்டு. பாடநூலும் குறிப்பேடும் சீருடையும் அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பள்ளிக்கு வருகின்றன. பிள்ளையின் பங்கு பழைய ஊருக்குப் போய்விட, பிள்ளை இங்கே பக்கத்துப் பையனின் புத்தகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இதைவிட மோசம், அவசரத்தில் புதிய எமிஸ் எண் ஒன்றை உருவாக்கிவிடுவது. ஒரே பிள்ளைக்கு இரண்டு எண், இரண்டு எண்ணிலும் அரைகுறைப் படிப்பு. உதவித்தொகை நேரத்தில் இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குள் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் போதும் போதும் என்றாகிவிடும். புது எண் போடச் சொல்லி ஆசிரியரை வற்புறுத்தாதீர்கள்.

டி.சி.யை வாங்கியதும் மடித்துப் பையில் வைக்காதீர்கள். மேசைக்குப் பக்கத்திலேயே நின்று, விரலை வைத்து வரி வரியாகப் படியுங்கள். பெயரும் தலைப்பெழுத்தும் ஆதாரிலும் பிறப்புச் சான்றிலும் உள்ளபடியே இருக்கின்றனவா? பிறந்த தேதி எண்ணிலும் எழுத்திலும் ஒன்றாக இருக்கிறதா? எண்ணில் 06 என்றும் எழுத்தில் எட்டு என்றும் வந்த சான்றிதழ்கள் உண்டு. சாதி, சமூகப் பிரிவுக் கட்டங்களைப் பாருங்கள் (சாதிக்கு ஆதாரம் வருவாய்த் துறை தரும் சான்றிதழ்தான், டி.சி. அல்ல, ஆனாலும் இரண்டும் முரண்பட்டால் பின்னால் அலைச்சல்). இரண்டு அங்க அடையாளங்கள், பள்ளியை விட்டு நீங்கிய நாள், மேல்வகுப்புக்கு உயர்வு பெறத் தகுதி உண்டா என்ற வரி, கீழே எந்தெந்த ஆண்டு எந்தெந்த வகுப்பு, முதல்மொழி, பயிற்றுமொழி என்ற அட்டவணை. கடைசியில் தலைமையாசிரியரின் கையெழுத்தும் பள்ளி முத்திரையும். அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஓர் இடம் இருக்கும். மேலே கண்டவை சரி என்று நீங்கள் ஒப்புக்கொள்ளும் இடம் அது. படிக்காமல் அங்கே கையெழுத்துப் போடக் கூடாது. பிழை இருந்தால் வெள்ளை மை தடவிய திருத்தம் வேண்டாம், புதிதாக அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்ட பிறந்த தேதியைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

பயிற்றுமொழிக் கட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ்வழியாக இருக்க வேண்டும். அதற்கான சான்றைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் வாங்க வேண்டும். மூன்று ஊர் மாறிய பிள்ளை இருபது வயதுக்கு மேல் மூன்று பள்ளிப் படியையும் ஏறும். அன்றைக்குக் கையில் இருக்க வேண்டியது பழைய டி.சி.யின் நகல். அசல் புதிய பள்ளியின் கோப்புக்குள் போய்விடும், திரும்பி வராது. கொடுப்பதற்கு முன் மூன்று நகல் எடுங்கள், கைப்பேசியிலும் ஒரு படம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, டி.சி. வாங்காமலே வந்துவிட்டவர்களுக்கு. "டி.சி. இல்லாம சேத்துக்க மாட்டாங்க, ஊருக்குப் போய் வாங்கிட்டு வந்து சேத்துக்கலாம்" என்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறீர்களே, அதுதான் முதல் தவறைவிடப் பெரிய தவறு. நாளைக் காலையிலேயே பக்கத்து அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போங்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, டி.சி. வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது. 15-வது பிரிவின்படி, கல்வியாண்டின் நடுவில் வந்தாலும் மறுக்கக் கூடாது. பிள்ளை முதலில் வகுப்பில் உட்காரட்டும், காகிதம் பின்னால் வரட்டும். பிள்ளையை விடுவிக்கும்படி புதிய பள்ளியே எமிஸ் வழியாகப் பழைய பள்ளிக்குக் கோரிக்கை அனுப்பலாம். அசையாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கும் அழைக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள், 5-வது பிரிவு தரும் இந்த மாறுதல் உரிமை அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும்தான். கேந்திரிய வித்யாலயா, நவோதயா, தனியார் சுயநிதிப் பள்ளிகளில் இடம் கேட்க அது உதவாது. தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு வருகிறவர்கள், கட்டண பாக்கிக்காக டி.சி.யை அங்கே நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று தயங்க வேண்டாம். பாக்கியை வசூலிக்கும் கருவி அல்ல டி.சி., அதைக் கேட்டுச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சக தலைமையாசிரியர்களுக்கும் ஒரு சொல். ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிட நிர்ணயம் நடக்கும் என்பதற்காக, போய்விட்ட பிள்ளையின் பெயரை அதுவரை இழுத்துப் பிடித்து வைக்காதீர்கள். ஒரு பணியிடம் போகும் கவலை புரியாதது அல்ல. ஆனால் அங்கே ஒரு பிள்ளை புத்தகமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. டி.சி.யைத் தாமதிப்பது துறை நடவடிக்கைக்கு உரியது என்றும் அதே 5-வது பிரிவு சொல்கிறது.

கணவரைப் பிரிந்து பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போகும் தாயிடம் "அவங்க அப்பாவை வரச் சொல்லும்மா" என்று திருப்பி அனுப்புவதையும் நிறுத்த வேண்டும். சட்டத்தில் பெற்றோர் என்றால் தந்தை அல்லது தாய், யாராவது ஒருவர். நீதிமன்ற உத்தரவு வேறு விதமாக இருந்தாலொழியத் தாயின் கையெழுத்தே போதும். அம்மா, உங்களைத் திருப்பி அனுப்பினால் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றதற்கான கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளை என்றால், எந்தப் பள்ளிக்கு மாறுகிறீர்கள் என்பதில் நிதானம் வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்கும் விரிந்தது. 'புது ஊர்ல அரசுப் பள்ளி தூரம், ஒரு வருஷம் மட்டும் தனியார்ல போடுவோம்' என்று எட்டாம் வகுப்பை அங்கே படிக்கவைத்தால், அந்த ஒரு வருடம் இந்த வாய்ப்பைத் தின்றுவிடும். அரசு உதவிபெறும் பள்ளியும் இந்த ஒதுக்கீட்டுக் கணக்கில் வராது, இது பலருக்குத் தெரிவதில்லை. உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் எங்கே படித்தார்கள் என்பதைப் பார்த்தே வருகின்றன. தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறி ஆண்டுக்கு 12,000 ரூபாய் வாங்கும் பிள்ளை என்றால், அந்த விவரத்தைப் புதிய பள்ளியில் முதல் நாளே சொல்லுங்கள். புதுப்பித்தல் அந்தப் பள்ளி வழியாகத்தான் நடக்க வேண்டும்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு நடுவில் மாறுவதைக் கூடியவரை தவிருங்கள். பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் பள்ளி வாரியாகத் தயாராகிவிடும். அதன் பிறகு மாறினால் தேர்வெழுதும் இடமே சிக்கலாகும். அப்பா முன்னால் போகட்டும், பிள்ளையும் அம்மாவும் தேர்வு முடிந்து போகலாம். வழியில்லை என்றால் விடுதியைப் பற்றிக் கேளுங்கள்.

வேறு மாநிலத்துக்குப் போகிறவர்கள் டி.சி.யில் கல்வி அலுவலரின் மேலொப்பம் (சரிபார்த்து அவரும் போடும் கையெழுத்து) வாங்கிக்கொண்டு போவது நல்லது. பல இடங்களில் கேட்கிறார்கள், அங்கே போன பிறகு இதற்காகத் திரும்பி வருவது வீண் செலவு. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணையும் வருகை நாட்களையும் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

செங்கல் சூளைக்குத் தை மாதம் கிளம்பி மழைக்கு முன் திரும்பும் குடும்பங்களிடம் கெஞ்சித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆறு மாதம்தானே என்று பிள்ளையைக் கல் அடுக்க விட்டுவிடாதீர்கள். போகும்போது வகுப்பாசிரியரிடம் சூளை இருக்கும் ஊரை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். திருவள்ளூரோ செங்கல்பட்டோ, அந்த வட்டார வள மையத்துக்குத் தகவல் போனால் பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பயிற்சி மையத்திலோ பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். இத்தனை முறைதான் மாறலாம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. பெண் பிள்ளையை நினைத்தால் இன்னும் பதறுகிறது. எட்டாம் வகுப்பில் ஆறு மாதம் வீட்டோடு நின்ற பெண்ணைத் திரும்ப வகுப்புக்கு வரவழைப்பதற்குள், மில் வேலைக்கோ கல்யாணப் பேச்சுக்கோ ஆள் வந்துவிடுகிறது.

சேர்த்துப் பத்து நாள் ஆனதும் ஒருமுறை புதிய பள்ளிக்குப் போய், எமிஸில் பிள்ளையின் பெயர் இந்தப் பள்ளியின் பெயரோடு, அதே பழைய எண்ணில் வந்துவிட்டதா என்று திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். வரவில்லையென்றால், அங்கேயே நின்று பழைய பள்ளிக்கு அழையுங்கள்.